ஆய்வேட்டைப் படிப்பது யார்? ஈரானியவியல் முனைவர் பட்ட விருதுகள் குறித்து

ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நெறியாளர், துறையின் இரண்டு மூன்று பேராசிரியர்கள், புறத்தேர்வாளர் ஒருவர். அதன் பிறகு அது நூலக அடுக்குக்கோ இணையக் களஞ்சியத்துக்கோ போய்ச் சேர்ந்துவிடும். இந்த நிலையில் ஆய்வாளரை நேரில் பார்த்தே இராத ஒரு குழு அவருடைய நானூறு பக்கங்களை எடுத்துப் படித்து, அதே ஆண்டில் வந்த மற்றவற்றோடு ஒப்பிட்டு, இதுதான் சிறந்தது என்று சொல்ல முன்வந்தால் அது பெரிய காரியந்தான். ஈரானியவியலில் இந்த வேலையை ஆண்டுதோறும் செய்துவந்திருக்கும் அமைப்பு, அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டாவில் இயங்கும் ஈரானியவியல் அறக்கட்டளை. பரிசுத் தொகை 1,000 டாலர்.

அந்தத் தொகையைக் கொண்டு அமெரிக்காவிலிருந்து தெஹ்ரானுக்கு ஒருமுறை போய்வருவதே கஷ்டம். ஆனாலும் நெறியாளர்கள் தம் மாணவரின் ஆய்வேட்டைப் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்புகிறார்கள். வென்றவர்கள் அந்த ஒரு வரியைக் கடைசிவரை தம் தன்விவரக் குறிப்பில் வைத்திருக்கிறார்கள். வேலைக்கு நூறு பேர் விண்ணப்பிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், தேர்வுக் குழுவில் ஈரானைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். பெரும்பாலும் இருக்கமாட்டார். அப்போது அந்த ஒரு வரி, துறைசார்ந்த ஆட்கள் இந்த ஆய்வைப் படித்துப் பார்த்துவிட்டார்கள் என்று அத்தாட்சி சொல்கிறது. பரிசின் மதிப்பே அதுதான். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: படித்தவர்கள் யார், அவர்கள் கைக்கு வந்து சேராதவை எவை.

முதல் கேள்விக்கு அறக்கட்டளையின் பிறப்பிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 1979இல் ஈரானில் ஷாவின் மன்னராட்சியைக் கவிழ்த்த புரட்சி நடந்தது. 1981இல் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. ஷாவின் இரட்டைச் சகோதரி அஷ்ரஃப் பஹ்லவியின் பணம் அதன் தொடக்கத்தில் இருந்தது. ஷா ஆட்சியில் பெண்கள் விவகார அமைச்சராக இருந்த மஹ்னாஸ் அஃப்காமியும் அவர் கணவர் குலாம் ரெஸா அஃப்காமியும் அதை நடத்தினார்கள். 1982 முதல் 'ஈரான் நாமே' என்ற பாரசீக மொழி ஆய்விதழ் வெளிவந்தது. புலம்பெயர்ந்தவர்களின் வாய்மொழி வரலாறு பதிவு செய்யப்பட்டது. தோற்றுப்போன ஓர் அரசின் மிச்சம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஒதுக்கியவர்களும் உண்டு. ஆனால் 'ஈரான் நாமே'யின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தவருக்கு, அது அரண்மனை நினைவுமலர் அல்ல என்பது சட்டென்று புரியும். இடதுசாரிகள், மதச்சார்பற்ற தேசியவாதிகள், அரசியலே வேண்டாத சொல்லாராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் அதில் எழுதினார்கள். தாய்நாட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க மாட்டாத ஆட்கள் வெளிநாட்டு இதழொன்றின் பொருளடக்கத்தில் அடுத்தடுத்து வந்தார்கள்.

ஈரானைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வு புலம்பெயர்ந்தவர்களோடு தொடங்கியதல்ல. அதன் முன்கதையில் எதிர்பாராத பெயர்கள் வருகின்றன. கவிஞர் முகம்மது இக்பால் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் பாரசீகத்தில் மெய்யியலின் வளர்ச்சி. அது 1908இல் லண்டனில் நூலாக வந்தது. பிற்காலத்தில் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக் 1914இல் சுவிட்சர்லாந்தின் நூஷத்தெல் பல்கலைக்கழகத்தில் எழுதியது ஷியா சட்டத்தில் உயில் பற்றி. ரெஸா ஷா காலத்தில், 1928இல், ஆண்டுக்கு நூறு மாணவர்களை அரசுச் செலவில் ஐரோப்பாவுக்கு அனுப்பச் சட்டம் வந்தது. 1934இல் தெஹ்ரான் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அங்கே பாரசீக இலக்கியத்தில் முதல் முனைவர் பட்டம் பெற்றவர், பின்னாளில் தம் அகராதியால் வீட்டுக்கு வீடு அறிமுகமான முகம்மது மொயீன், ஆண்டு 1942. ஜொராஸ்திரிய மதம் பாரசீக இலக்கியத்தில் விட்டுச்சென்ற தடங்கள் அவருடைய ஆய்வுப் பொருள். நெறியாளர் இப்ராஹிம் பூர்தாவூத். பூர்தாவூத் அவெஸ்தாவைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்ததற்குப் பின்னால் பம்பாய்ப் பார்சிகளின் பணம் இருந்தது. சாந்திநிகேதனிலும் அவர் சில காலம் கற்பித்தார். ஈரானியவியலுக்கு ஈரானுக்கு வெளியிலிருந்து புரவலர் வருவது 1981இல் ஏற்பட்ட புதுமை இல்லை.

தேர்வுக் குழுக்களின் தீர்ப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு அலி ஷரியத்தியின் கதையைத்தான் சொல்ல வேண்டும். ஈரானியப் புரட்சியின் சித்தாந்தவாதி என்று உலகம் அறிந்த அவர், 1963இல் பாரிஸில் பட்டம் பெற்றது சமூகவியலில் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவர் செய்தது 'பல்க் நகரின் சிறப்புகள்' என்ற பழைய பாரசீக நூலொன்றின் பதிப்பும் மொழிபெயர்ப்பும். நெறியாளர் ழில்பேர் லசார், அந்தக் காலத்துப் பாரசீக மொழியியலின் பெரிய ஆள். கிடைத்த தரம், தேர்ச்சிக்கு உரிய தரங்களிலேயே ஆகக் கீழானது. குழு தவறிழைக்கவில்லை என்றே நினைக்கிறேன். சொல்லாராய்ச்சியில் ஷரியத்திக்கு மனம் இல்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகளில் தெஹ்ரான் வீதிகளில் லட்சக்கணக்கானவர்கள் அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆய்வேட்டுக்குப் பரிசு கொடுப்பவர்கள் ஆய்வேட்டைத்தான் பார்க்க முடியும், ஆளைப் பார்க்க முடியாது. அதுவே அவர்களின் நேர்மை, எல்லையும் அதுவே.

சில ஆய்வேடுகள் எழுதி முடித்த பிறகுதான் வளரவே தொடங்குகின்றன. எர்வாண்ட் ஆப்ரஹாமியான் 1964இல் ஈரானின் இடதுசாரிக் கட்சியான துதேயின் சமூக அடித்தளத்தை ஆராயத் தொடங்கினார். 1969இல் கொலம்பியாவில் பட்டம் கிடைத்தது. 'இரு புரட்சிகளுக்கு இடையே ஈரான்' என்ற நூலாக அது வெளிவந்தது 1982இல். தொடங்கியபோது இருந்த ஒரு புரட்சி, முடிக்கும்போது இரண்டாகிவிட்டது. ரூடி மத்தே சஃபாவி காலப் பட்டு வணிகத்தைப் பற்றி 1991இல் கலிபோர்னியாவில் ஆய்வேடு முடித்தார்; 1999இல் கேம்பிரிட்ஜ் அதை நூலாக்கியது. ஆண்டுதோறும் தரப்படும் ஒரு விருது, இப்படி எட்டு ஆண்டு, பதின்மூன்று ஆண்டு கழித்து முழு வடிவம் பெறப்போகும் ஒன்றைப் பச்சைக் காயாக இருக்கும்போதே அடையாளம் காண வேண்டியிருக்கிறது. நூலுக்குப் பரிசு கொடுப்பது இதைவிடப் பல மடங்கு சுலபமான வேலை.

இந்தத் துறையில் பரிசுகளுக்கு வைத்திருக்கும் பெயர்களையும் கவனிக்க வேண்டும். வட அமெரிக்க மத்தியக் கிழக்கு ஆய்வுச் சங்கம் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு வழங்கும் விருது மால்கம் கெர் பெயரில் இருக்கிறது. பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கெர், 1984 ஜனவரியில் தம் அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிட்டிஷ் மத்தியக் கிழக்கு ஆய்வுச் சங்கம் தரும் ஆய்வேட்டுப் பரிசு லீ டக்ளஸ் பெயரில் இருக்கிறது. அவரும் அதே பெய்ரூத்தில் கடத்தப்பட்டு 1986 ஏப்ரலில் கொல்லப்பட்டவர். ஈரானியவியல் சங்கம் நூல்களுக்குத் தரும் விருதுக்குச் சயீதி சீர்ஜானியின் பெயர். தெஹ்கோதா அகராதிப் பணியில் உழைத்தவர், பழைய நூல்களைப் பதிப்பித்தவர், பழங்கதைகளை எடுத்துக்கொண்டு சமகால ஆட்சியாளர்களைக் குத்திக்காட்டத் தெரிந்தவர். 1994 மார்ச்சில் கைதானார். நவம்பரில் காவலில் இறந்தார். மாரடைப்பு என்றது அரசு. நண்பர்கள் நம்பவில்லை. அதே சங்கம் ஆய்வேடுகளுக்குத் தரும் விருது மெஹ்ர்தாத் மஷாயெகி பெயரில் அமைந்தது. ஜார்ஜ்டவுனில் சமூகவியல் கற்பித்து 2011இல் நோயில் மறைந்தவர் அவர். வேறு துறைகளில் புரவலரின் பெயரோ ஓய்வுபெற்ற பேராசிரியரின் பெயரோ இருக்கும் இடத்தில் இங்கே இத்தனை பேர் துப்பாக்கிக்கும் சிறைக்கும் பலியானவர்கள்.

பலியும் சிறையும் பழங்கதையாகிவிடவும் இல்லை. பிரின்ஸ்டனின் வரலாற்றுத் துறை மாணவர் ஒருவர் 2016இல் தெஹ்ரானில் காஜார் மன்னர்கள் காலத்து ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கைதானார். நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய காகிதங்களைத் தேடியவருக்கு உளவாளி என்று பத்தாண்டுத் தண்டனை. 2019 டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார். அதே 2019இன் ஜூனில் பாரிஸின் சியான்ஸ்-போ நிறுவனத்தைச் சேர்ந்த மானுடவியலாளர் ஃபரீபா ஆதெல்கா கைதுசெய்யப்பட்டார். புரட்சிக்குப் பிந்தைய தெஹ்ரானில் மத நம்பிக்கையுள்ள பெண்களிடையே களப்பணி செய்து 1990களின் தொடக்கத்தில் ஆய்வேட்டை நூலாக்கியவர் அவர். இஸ்லாமியக் குடியரசை வெளியார் பார்வையில் கேலி செய்யாமல் உள்ளிருந்து புரிந்துகொள்ள முயன்றவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரும் உதவவில்லை. 1983 முதல் தெஹ்ரானில் இயங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை, பாரிஸில் வெளிவந்த கேலிச்சித்திரங்களைக் காரணம் காட்டி 2023 ஜனவரியில் ஈரானிய அரசு மூடியது.

தடை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. 2017 ஜனவரியில் அமெரிக்கா ஏழு நாட்டவருக்கு விசா நிறுத்தியபோது ஈரானும் அதில் இருந்தது. 2025 ஜூனில் வந்த புதிய பட்டியலிலும் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஈரானிய மாணவர் ஆய்வுக்காக ஊருக்குப் போனால் திரும்பி வர முடியுமா என்று தெரியாது. ஆகவே போவதில்லை. ஈரானிய வங்கிக் கணக்குக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்புவதும் பொருளாதாரத் தடைகளால் சாதாரண வழியில் நடக்காத காரியம். 1,000 டாலர் பரிசு தெஹ்ரானில் இருக்கும் ஒருவருக்குக் கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அது கைக்கு வந்து சேர்வது தனிக் கதை.

இதனால் ஆய்வுப் பொருள்களே இடம் மாறியிருக்கின்றன. 1960களிலும் 70களிலும் அமெரிக்க மாணவர்கள் ஜாக்ரோஸ் மலையில் மேய்ச்சல்காரர்களோடு கூடாரத்தில் தங்கினார்கள். நிலச் சீர்திருத்தம் கிராமத்தில் என்ன செய்தது என்று கிராமத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். புரட்சிக்குப் பின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள், ஏன் நடந்தது என்ற ஒரே கேள்வி மற்றவற்றை விழுங்கியது. அதன் பிறகு ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தேடி ஈரானைச் சுற்றி வட்டமடிக்கத் தொடங்கினார்கள். எண்ணெய்த் தொழிலாளர் வரலாற்றுக்கு வாரிக் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிரிட்டிஷ் பெட்ரோலிய நிறுவனத்தின் கோப்புகள். வளைகுடாத் துறைமுகங்களுக்கு லண்டனில் இந்திய அலுவலகத்தின் கோப்புகள். 2014 முதல் கத்தார் எண்ணிம நூலகத்தில் அவற்றில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஷா காலத்து அரசியலுக்கு ஹார்வர்டு வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில் 134 பேரின் நேர்காணல்கள். பட்டுக்கும் மிளகுக்கும் ஹேக் நகரில் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் ஏடுகள்.

இவற்றில் மிகவும் கெட்டிக்காரத்தனமானது அஃப்சானே நஜ்மாபாதி ஹார்வர்டில் தொடங்கிய, காஜார் காலப் பெண்களின் உலகைப் பற்றிய எண்ணிமக் களஞ்சியம். அரசு ஆவணக் காப்பகத்தை நம்பி இருக்க முடியாது என்றால் குடும்பங்களிடம் போகலாம். நிக்காஹ் ஒப்பந்தம், சீர்வரிசைப் பட்டியல், சொத்துத் தகராறு, கடிதம், புகைப்படம், சால்வை என்று வீட்டுப் பெட்டிகளில் கிடந்தவற்றைப் படமெடுத்து, பொருளை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எந்த அரசும் பூட்டிவைக்க முடியாத காப்பகம் அது. அதை வைத்து எழுதப்பட்ட ஆய்வுகள் காஜார் காலத்துக் குடும்பத்தைப் பற்றி அதுவரை ஐரோப்பியப் பயணிகள் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த நிலையை மாற்றின.

ஈரானை விட்டு வெளியே தேடப் போனவர்கள் வேறொரு பெரிய கேள்வியையும் கிளப்பிவிட்டார்கள்: ஈரானியவியல் எந்த எல்லையில் முடிகிறது? செபூ அஸ்லானியான் 2007இல் கொலம்பியாவில் முடித்த ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். சஃபாவி மன்னர் ஷா அப்பாஸ் 1604 – 05இல் ஆர்மீனியர்களைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்து இஸ்ஃபஹானுக்கு அருகே குடியேற்றினார். அந்தப் புறநகர்தான் புது ஜுல்ஃபா. அங்கிருந்து கிளம்பிய வணிகர்கள் ஒரு பக்கம் வெனிஸ், ஆம்ஸ்டர்டாம் வரையிலும் மறுபக்கம் சூரத், சென்னை, மணிலா வரையிலும் கிளை பரப்பினார்கள். 1748இல் வங்காளத்திலிருந்து பஸ்ராவுக்குப் போய்க்கொண்டிருந்த சாந்தா கத்தரீனா என்ற கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை தென்னிந்தியக் கரையோரத்தில் மடக்கியது. சரக்கு எதிரியுடையதா, நடுநிலைக்காரருடையதா என்று வழக்கு லண்டன்வரை போனது. கப்பலில் இருந்த ஏறத்தாழ 1,700 ஆர்மீனியக் கடிதங்களும் தாள்களும் சாட்சியப் பொருளாக லண்டன் போய், இன்று கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதி ஜுல்ஃபா வட்டார வழக்கில் எழுதியது. ஆர்மீனியம் அறிந்தவர்களுக்கே எளிதில் பிடிபடாத மொழி. இரண்டரை நூற்றாண்டு அவை கிடந்தபடியே கிடந்தன. யாருக்கு யார் கடன், எந்த முகவர் நம்பத் தகாதவர், எந்த ஊரில் என்ன விலை என்ற செய்திகள்தான் அவற்றில் நிறைய. முகம் பார்க்காமலே மூன்று கண்டங்களில் வணிகம் நடத்தியவர்களுக்கு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை அஸ்லானியான் இந்தக் கடிதங்களிலிருந்து எடுத்துக்காட்டினார். செய்தியே அவர்களின் காவல். ஏமாற்றியவன் பெயர் அடுத்த தபாலில் எல்லா ஊருக்கும் போய்விடும்.

சென்னையில் ஆர்மீனியன் தெருவைக் கடந்து போகிறவர்களுக்கு இந்தக் கதையின் ஒரு முனை தெரியும். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான் இந்த ஜுல்ஃபா வணிகர்களில் ஒருவர். உலகின் முதல் ஆர்மீனியச் செய்தியிதழான 'அஸ்தரார்' 1794இல் அச்சானதும் சென்னையில்தான். இதெல்லாம் ஈரானியவியலா, ஆர்மீனியவியலா, இந்தியப் பெருங்கடல் வரலாறா? அஸ்லானியானின் ஆய்வேடு 2011இல் நூலாக வந்தபோது ஈரானியவியலாளர்கள் தயங்காமல் தங்களுடையதாக ஏற்றார்கள். அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பு அவ்வளவு எளிதாக ஏற்றிருப்பார்களா என்பது சந்தேகம். இதேபோல முகலாய அவையின் எழுத்தர் சந்தர்பான் பிராமணைப் பற்றி ராஜீவ் கின்ரா செய்த ஆய்வும், ஈரானுக்கும் இந்தியாவுக்கும் பொதுவாக இருந்த பாரசீகப் பண்பாட்டைப் பற்றி மனா கியா செய்த ஆய்வும் துறையின் வேலியைக் கிழக்கே தள்ளி நட்டன. ஆற்காட்டு நவாபுகளின் பாரசீக வரலாற்று நூல்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முகம்மது ஹுசைன் நயினார் 1930களிலேயே ஆங்கிலமாக்கிப் பதிப்பித்தார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அந்த உழைப்பைப் பாரசீக ஆய்வின் பகுதியாக அன்றைக்கு வெளியில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இந்த விஷயத்தில் தெஹ்ரான்காரர்கள் முந்திக்கொண்டதையும் சொல்ல வேண்டும். மஹ்மூத் அஃப்ஷார் தம் சொத்தை எழுதிவைத்து நிறுவிய அறக்கட்டளை, பாரசீக மொழிக்கும் வரலாற்றுக்கும் உழைத்தவர்களுக்கு விருது வழங்கத் தொடங்கியபோது, 1989இல் முதல் விருதைப் பெற்றவர் அலிகாரின் நசீர் அகமது. வாழ்நாள் பணிக்கான விருது அது, ஆய்வேட்டுக்கானது அல்ல. இருந்தாலும் ஈரானுக்கு வெளியே எழுதப்பட்ட பாரசீகத்தையும் தம்முடையதாகக் கருதியதை அது காட்டியது.

இனி கைக்கு வந்து சேராதவை. ஈரானுக்குள் ஆண்டுதோறும் எழுதப்படும் ஆய்வேடுகள் ஏராளம். ஒவ்வொன்றும் ஈரான்டாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய நிறுவனத்தில் பதிவாக வேண்டும். வாய்மொழித் தேர்வு அங்கே பாதி கல்யாணம். குடும்பம் பூங்கொத்தோடு வரும். மேசையில் பழமும் இனிப்பும் பழச்சாறும் இருக்கும். தேர்வாளர்கள் கேள்வி கேட்டுக்கொண்டே வெள்ளரிக்காய் உரிப்பதைப் பார்க்கலாம். ஆனால் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, புத்தகக் கடைகளுக்குப் பேர்போன எங்கெலாப் தெருவில், ஆய்வேடு எழுதித் தரப்படும் என்று அட்டையைப் பிடித்தபடி ஆட்கள் நிற்பார்கள். பத்திரிகைகள் பலமுறை எழுதியும், 2017இல் தண்டனைச் சட்டம் வந்தும், சந்தை முழுக்க ஒழியவில்லை. பட்டத்தின் மீதான மோகம் மேலிடம்வரை போயிருக்கிறது. 2008இல் உள்துறை அமைச்சர் அலி கோர்தான் காட்டிய ஆக்ஸ்ஃபோர்டு கௌரவ முனைவர் பட்டம் போலி என்று தெரிந்து நாடாளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. சான்றிதழில் ஆங்கிலமே பிழையாக இருந்தது.

இந்தச் சந்தையைக் காட்டி ஈரானில் நடக்கும் ஆய்வுகளை மொத்தமாகத் தள்ளிவிடுவது மேற்கில் இருக்கும் ஒரு சோம்பேறித்தனம். மஷாத், ஷீராஸ், தப்ரீஸ் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்க் காப்பகங்களை, வக்ஃபு பத்திரங்களை, மக்தப் கையெழுத்துப் படிகளை வைத்துச் செய்யப்படும் ஆய்வுகளை வெளிநாட்டு மாணவர் நினைத்தாலும் செய்ய முடியாது. அந்தக் காகிதத்தை அவர் தொடவே முடியாதே. ஆனால் அவை பாரசீகத்தில் எழுதப்படுகின்றன. பெதெஸ்டாவுக்குக் கடிதம் எழுதிப் பரிந்துரைக்கும் வழக்கம் அந்த நெறியாளர்களுக்கு இல்லை. ஷாவின் குடும்பப் பணத்தில் பிறந்த அமைப்புக்கு அப்படிக் கடிதம் எழுதுவது அவர்கள் வேலைக்கும் நல்லதல்ல. பரிசு தரும் குழு யாரையும் வேண்டுமென்றே விலக்குவதாக நான் சொல்லவில்லை. நெறியாளர் பரிந்துரைத்தால்தான் வரும் என்ற எளிய விதி, அரசியலும் தபாலும் சேர்ந்து, தானாகவே ஒரு வேலி ஆகிவிடுகிறது. ஆண்டின் சிறந்த ஆய்வேடு என்று அறிவிக்கப்படுவது, நடைமுறையில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆங்கிலம் படிக்கும் கண்களுக்கு எட்டியவற்றில் சிறந்தது.

இதில் ஏற்படும் இழப்பை ஓர் உதாரணத்தால் நெருங்கிப் பார்க்கலாம். 1933இல் பெர்செபொலிஸ் கோட்டைச் சுவரில் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்டின் அகழாய்வுக் குழு களிமண் பலகைகளைக் கண்டெடுத்தது. முழுசும் உடைசலுமாகப் பல்லாயிரம். உள்ளங்கைக்குள் அடங்கும் பலகைகள். எழுத்து பெரும்பாலும் ஏலமைட் மொழி ஆப்பெழுத்து. காலம் முதலாம் தாரியஸின் ஆட்சியில் கி.மு. 509 முதல் 493 வரை. படித்து எழுதித்தரக் கடனாகச் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். ரிச்சர்ட் ஹாலக் தம் வாழ்நாளை அதற்கே கொடுத்து 1969இல் 2,087 பலகைகளை வெளியிட்டார். மன்னரின் வீரம் எதுவும் அவற்றில் இல்லை. இன்ன பயணிக்கு இவ்வளவு மாவு, இன்ன குழுவுக்கு இவ்வளவு வாற்கோதுமை, பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தனிப்படி. ஆண் பிள்ளை என்றால் பெண் பிள்ளைக்குக் கொடுப்பதைப்போல் இருமடங்கு. இன்ன தெய்வத்துக்குப் படைக்க இவ்வளவு திராட்சை மது.

2006இல் லைடன் பல்கலைக்கழகத்தில் வூட்டர் ஹென்கெல்மன் முடித்த ஆய்வேடு இந்தப் படையல் கணக்குகளை எடுத்துக்கொண்டது. தாரியஸின் ஆக்கேமெனிட் அரசு அகுர மஸ்தாவை மட்டும் வழிபட்டது, ஏலமியத் தெய்வங்கள் பழைய குடிகளிடம் எஞ்சியவை என்ற எண்ணம் அதுவரை வலுவாக இருந்தது. தாரியஸின் கல்வெட்டுகளைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஹென்கெல்மன் அரசுக் கிடங்கின் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். ஹும்பன் என்ற ஏலமியத் தெய்வத்துக்கு அரசு அளந்து கொடுத்தது, அகுர மஸ்தாவுக்குக் கொடுத்ததைவிட அதிகம். மன்னர் பாறையில் பறைசாற்றியது ஒன்று, அவருடைய கிடங்குக் கணக்கர் அளந்தது இன்னொன்று. ஏலமியரும் ஈரானியரும் நூற்றாண்டுகள் கலந்து உருவானதே பார்சா நாட்டின் சமயம் என்பதை மறுக்க அதன் பிறகு யாரும் எளிதில் துணியவில்லை. விருதுக் குழுக்கள் தேட வேண்டியது இத்தகைய ஆய்வை. வெளியே தெரியும் கோட்பாட்டுச் சொற்கள் குறைவு. கணக்குப் பார்த்த பொறுமை அதிகம். அவசர வாசகர் புரட்டிவிட்டுப் போய்விடக்கூடியதும் இதுவே.

இதே பலகைகளை ஹாலக்கிடம் படித்த ஈரானிய மாணவர் ஒருவர் இருந்தார். அப்துல்மஜீத் அர்ஃபயீ 1977இல் சிகாகோவில், பலகைகளில் வரும் ஊர்ப்பெயர்கள் எங்கெங்கே இருந்தன என்று ஆராய்ந்து பட்டம் பெற்றார். ஈரானுக்குத் திரும்பினார். புரட்சி வந்தது. ஏலமைட் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு நாட்டில் நிலையான பல்கலைக்கழக இடம் அமையவில்லை. ஆனாலும் தொடர்ந்து உழைத்து, அந்தப் பலகைகளில் ஒரு தொகுதியைத் தெஹ்ரானில் வெளியிட்டார். அதற்குள் சிகாகோவில் பலகைகளே வழக்கில் மாட்டின. 1997 ஜெருசலேம் குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்ட அமெரிக்கர்கள் அதற்கு ஆதரவளித்ததாக ஈரான் அரசின்மீது வழக்கிட்டு, இழப்பீட்டுக்காக அவற்றைக் கைப்பற்றக் கேட்டார்கள். எப்போது ஏலத்துக்குப் போகுமோ என்ற பயத்தில் பல்கலைக்கழகம் அவசரமாகப் படமெடுத்துத் தள்ளியது. 2018 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. 2019இல் 1,783 பலகைகள் தெஹ்ரான் தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. 2023இல் மேலும் ஏறத்தாழ 3,500.

பலகைகள் ஊருக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கும் பயிற்சி இன்னும் பெரும்பாலும் சிகாகோவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது. தெஹ்ரானில் ஒரு மாணவர் அசலைக் கையில் வைத்துக்கொண்டு பாரசீகத்தில் ஓர் ஆய்வேட்டை எழுதினால், பரிந்துரைக் கடிதம் எழுதத் துணியும் நெறியாளர் ஒருவர் வேண்டும். பாரசீக உரைநடையையும் ஏலமைட் ஆப்பெழுத்தையும் ஒருசேரப் படிக்கும் நடுவர் ஒருவர் வேண்டும். விருது தரும் அமைப்புகள் தங்கள் விதிகளில் நெறியாளர் கடிதத்தைத் தளர்த்தி, ஆய்வாளர் தாமே அனுப்பலாம் என்று ஆக்குவதற்கும், ஆண்டுக்கு ஒரு நடுவரையாவது ஈரானில் கற்பிப்பவர்களிலிருந்து பெயர் வெளியிடாமல் சேர்த்துக்கொள்வதற்கும் பெரிய பணம் வேண்டியதில்லை.